கெப் எஞ்சின் டிப்ஸ்டிக்கைத் தள்ளுகிறது, ஒயிலும் கசிகிறது: தடித்த ஒயில் போடலாமா?

கந்தப்பளை கெப்:
அண்ணன்மாரே, உதவி வேண்டும். 2.8 டீசல் கெப், டர்போ இல்லை, 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. விடியற்காலையில் லீக்ஸும் கெரட்டும் ஏற்றி நுவரெலியாவுக்குப் போய்வருவேன், அவ்வளவுதான் ஓட்டம். இரண்டு மாதமாக எஞ்சின் மேல் மூடியான டப்பெட் கவர் ஓரத்திலும் கியர் பொக்ஸ் சேரும் இடத்திலும் ஒயில் கசிகிறது. டிப்ஸ்டிக் (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) தானாக ஒரு விரல் அளவு எழும்பி நிற்கிறது. ஒயில் மூடியின் உள்பக்கம் பாலாடை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. இப்போது ஓடுவது 15டபிள்யூ-40 ஒயில். அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50 போட்டால் கசிவு நிற்கும் என்கிறார் ஒரு மெக்கானிக் பாஸ். போடவா?

ஹட்டன் கராஜ்:
தம்பி, ஒயிலை மாற்ற முதல் பிரீதர் பைப்பைப் பாருங்க. பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்லா இருந்தாலும் கொஞ்சம் புகை கீழே இறங்கத்தான் செய்யும், அது டப்பெட் கவரில் இருக்கும் இந்தப் பிரீதர் ஹோஸ் வழியாக, எஞ்சின் காற்று இழுக்கும் இன்டேக்குக்குப் போய் எரிய வேண்டும், அந்த வழி அடைத்தால் காற்று டிப்ஸ்டிக்கையும் சீலையும்தான் தள்ளும். எவ்வளவு தடித்த ஒயில் ஊற்றினாலும் அந்த அழுத்தம் குறையாது. வெள்ளை ஆடை, குளிரில் குறுகிய ஓட்டம் ஓடுவதால் வெளியேறாமல் தங்கிய நீராவி. ஆனால் டிப்ஸ்டிக்கில் உள்ள ஒயிலே பால் நிறமாக இருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தாலோ வண்டியை ஓட்டாதீங்க, ஹெட் கெஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

பண்டாரவளை:
ஹோஸைக் கழற்றி வெளியே தொங்கவிட்டால் சரிதானே?

ஹட்டன் கராஜ்:
வேண்டாம். ஹோஸ் கழன்ற வாய் வழியாக இன்டேக்குக்குள் வடிகட்டாத தூசு போகும், புகை கெபினுக்குள் வரும். இன்னொன்று, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஒயில் ஊற்றக் கூடாது. பிரீதர் வழியாக ஒயில் இன்டேக்குக்குப் போனால் டீசல் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் ஏறும். 15டபிள்யூ-40, டீசல் எஞ்சினுக்கான சீ.ஐ.-4 தரம் போதும். 15டபிள்யூ ஒயிலின் குளிர்ப் பரிசோதனையே மைனஸ் 20 பாகையில்தான் நடக்கிறது, நுவரெலியாக் குளிர் அதற்குப் பெரிதில்லை. 20டபிள்யூ-50 விடியற்காலையில் மேலே ஏறத் தாமதமாகும், அவ்வளவு நேரமும் டப்பெட் வறண்டு ஓடும்.

கந்தப்பளை கெப்:
அண்ணே, தண்ணீர் குறையவில்லை, டிப்ஸ்டிக் ஒயிலும் கறுப்புத்தான். ஹோஸைக் கழற்றினேன், வளைவில் தார் மாதிரி கட்டி, சுண்டுவிரல் கூட நுழையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பியால் சுரண்டி, காற்றடித்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டினேன். கவருக்குள் இருந்த வலையையும் கழுவினேன். நான்கு நாளாக டிப்ஸ்டிக் எழும்பவில்லை, டப்பெட் கவரும் காய்ந்து இருக்கிறது. கியர் பொக்ஸ் பக்கப் பின் சீலில் மட்டும் இன்னும் ஒரு சொட்டு.

ஹட்டன் கராஜ்:
அந்த சீல் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். கிளச் இறக்கும்போது மாற்றுங்க, அதுவரை தினம் காலையில் ஒயில் அளவு பாருங்க.