வீட்டில் படம் பார்க்கும்போது வசனம் மட்டும் கேட்பதில்லை: உதவி தேவை

வணக்கம். நாங்கள் ஹட்டனில் வசிக்கிறோம். கண்டியில் திரையரங்கில் பார்த்து மனம் நெகிழ்ந்த, 2024இல் வெளியான ‘மெய்யழகன்’ படத்தை அம்மாவுக்காக வீட்டில் நெட்ஃபிளிக்ஸில் போட்டபோது, இசை அதிர்ந்ததே தவிர, கார்த்தியும் அரவிந்த் சுவாமியும் இரவு நெடுகப் பேசும் பேச்சு வெறும் முணுமுணுப்பாகவே கேட்டது. அந்தப் படத்தின் உயிரே அந்தப் பேச்சுதான். மற்றப் படங்களிலும் இதே நிலைதான். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் ஒன்றுமே விளங்குவதில்லை.

கடந்த ஆண்டு வாங்கிய 43 அங்குல ஸ்மார்ட் டிவி. அதன் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. ஒலியை 5.1இலிருந்து (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துத் தரும் முறை) இடம், வலம் என இரண்டே பிரிவுள்ள ஸ்டீரியோவுக்கு மாற்றியும், குரலைத் தெளிவாக்கும் செட்டிங்கை இயக்கியும் சிறிதளவே பலன் கிடைத்தது. ஹெட்போனில் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. ஆனால், அம்மாவோடு சேர்ந்து பார்க்க முடியாது.

5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கே செல்வதால், அது தனியாக உள்ள 3.1 சவுண்ட்பார் (இடம், நடு, வலம் ஸ்பீக்கர்கள் அடங்கிய நீளப் பெட்டியும் ஒரு சப்வூஃபரும்) ஒன்றை வாங்கினால் இக்குறை தீருமா?