கார்காலக் கொன்றையை வரைய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் இருந்துகொண்டு, படித்த நூல்களையும் நடக்கும் பருவத்தையும் இணைத்து நீர்வண்ண ஓவியங்கள் வரைந்து வருகிறேன். இப்போது எடுத்திருப்பது குறுந்தொகையின் 66ஆம் பாடல். பருவமல்லாத மழையைக் கார் என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது, தலைவன் திரும்புவதாகச் சொன்ன கார்காலம் இன்னும் வரவில்லை என்று தோழி தலைவியைத் தேற்றும் அந்தக் காட்சி என்னை நெடுநாளாக விடவில்லை. ஆனால் நம் பக்கத்தில் சரக்கொன்றை சித்திரை வெயிலில்தான் பொன்னாகத் தொங்குகிறது. கார்காலமோ ஆவணியும் புரட்டாசியும். கோடையில் பார்த்து வரைந்த பூங்கொத்தை மழைமேகத்தின் கீழ் வைக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே, அமிர்தி, ஜவ்வாது மலை, ஏலகிரிப் பக்கங்களில் அம்மாதங்களின் மழைக்குப் பின் கொன்றை பூத்திருப்பதைக் கண்டவர்கள் இடத்தைத் தெரிவித்து, இயன்றால் இலையும் பூவும் தெளிவாகத் தெரியும் நிழற்படம் ஒன்றையும் பதிவிடுமாறு வேண்டுகிறேன். அப்போது மரத்தில் பழைய காய்கள் தொங்கினவா என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.