பிப்ரவரியில் தான்சானியா: எங்கே தங்குவது?

வணக்கம் நண்பர்களே. வரும் பிப்ரவரியில் அப்பாவுடன் தான்சானியா போகிறேன். அருஷா போய் இறங்கி ஜீப் எடுப்பது வரை முடிவாகிவிட்டது. அப்புறம்தான் குழப்பம்.

ஏஜென்ட், செரங்கெட்டி தேசியப் பூங்காவின் நடுவே உள்ள செரோனேராவில் தங்கச் சொல்கிறார். ஆனால் அந்த மாதத்தில் வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான் வகை) கூட்டம் தெற்கே ந்டுட்டு பக்கம்தானே இருக்கும்? எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. மழைக்குப் பின் அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். கன்று ஈன அவை அங்கே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சில வாரங்களிலேயே லட்சக்கணக்கில் கன்றுகள் பிறக்கும். சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் அங்கேயே சுற்றும். வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி ஜூலைக்கு மேல்தான் என்பதால் வடக்கே போகும் எண்ணமில்லை. ந்டுட்டுவில் தங்கியவர்கள் சொல்லுங்கள், மழையில் ஜீப் சேற்றில் மாட்டுமா?

ங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்தில் ஒரு நாள் உண்டு. விளிம்பு 2,000 மீட்டருக்கு மேல், விடியலில் நல்ல குளிராம். ஸ்வெட்டர் போதுமா? அப்பாவுக்கு ஒட்டகச்சிவிங்கி பார்த்தே ஆக வேண்டும், அதுவோ அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதில்லை! அதற்கு அருஷா தேசியப் பூங்கா நல்லதா, தரங்கிரேயா?

நேட்ரான் ஏரிப் பூநாரைகள் என் ஆசை. அப்பாவுக்கு முதுகுவலி, அந்தச் சாலை தாங்குமா? அவர் சுத்த சைவம் வேறு. கேம்ப்களில் சாப்பாடு எப்படி?