புதுப்பிப்பு: ஒகேனக்கல் தண்ணீரின் பளபளப்பு, போலரைசரில் போய்விட்டது

ஒகேனக்கல் தொங்குபாலத்திலிருந்து எடுத்த படங்களில், போலரைசர் ஃபில்டரை (லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும், பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) எப்படித் திருப்பினாலும் தண்ணீரின் வெள்ளைப் பளபளப்பு குறையவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விலை கூடிய ஃபில்டர் தேவைப்படவில்லை. நிற்கும் இடத்தை மாற்றச் சொன்ன நண்பரின் யோசனைதான் பலித்தது. நேர் கீழே பார்த்தால் பிரதிபலிப்பு ஒளி அவ்வளவாக போலரைஸ் ஆகாது, அதாவது அதன் அலைகள் ஒரே திசையில் அதிராது; அப்படி ஆன ஒளியைத்தான் ஃபில்டர் தடுக்கும். செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில்தான் முழுமையாக ஆகும். பரிசல் துறைப் பக்கம் இறங்கி, கேமராவைக் கிடைமட்டத்திலிருந்து 37 டிகிரி போலக் கீழே சாய்த்தேன். ஃபில்டரைத் திருப்பியதும் அடியில் கிடந்த பாறைகள் பளிச்சென்று தெரிந்தன. நுரை மட்டும் அப்படியே வெள்ளைதான். ஃபில்டரால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) கூட்டிக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது வானவில்! அருவிச் சாரலில் தெரிந்த வில்லின் ஒரு துண்டை ஃபிரேமில் வைத்துத் திருப்பினால், காணாமலே போகிறது. இன்னும் 90 டிகிரி திருப்பினால் முன்னைவிட அழுத்தமாக வருகிறது. வானவில்லின் ஒளியே போலரைஸ் ஆனதுதானாம். அகலமான லென்ஸில் முழு வில்லையும் எடுத்தால் உச்சி மங்கும்போது பக்கங்கள் நிற்கின்றன, அதனால் திரையைப் பார்த்துக்கொண்டே திருப்புவது நல்லது.