ஜெர்மனில 19ஆம் நூற்றாண்டுல பெரிய பெரிய தோட்டம் போட்ட ப்யூக்லர் பிரபுவோட பார்க்குக்குப் போனவங்க அனுபவம் சொல்லுங்க (பிரானிட்ஸ், முஸ்காவ் ரெண்டும்)

கோட்பஸ்_மாணவி:
பிரானிட்ஸ் ஏரிக்குள்ள நிக்கிற மண் பிரமிடு எல்லாருக்கும் தெரியும்ல, அதப் பத்திதான். அக்டோபர் கடைசி, சாயங்காலம், ஆளே இல்ல. பிரமிடு முழுக்க காட்டுத் திராட்சைக் கொடி, அடியிலேருந்து நுனி வரைக்கும் செக்கச் செவேல்னு, தண்ணிக்குள்ளயும் அதே சிவப்பு. ஏரி தோண்டுன மண்ணையே குவிச்சு 1850கள்ல பிரபு தனக்குன்னு கட்டிக்கிட்ட சமாதி அது, அப்ப பொணத்த எரிக்க சர்ச் விடாதுங்கிறதால தன்னோட இதயத்த கந்தக அமிலத்துல கரைங்கன்னு எழுதி வச்சுட்டு 1871ல செத்துப் போனாரு. ஆனா எனக்கு அவரு மனைவி லூசிதான் மனசுல நிக்கிறாங்க. பார்க்குக்குப் பணம் வேணும்னு ரெண்டு பேரும் பேசி வச்சு 1826ல விவாகரத்து, அவரு இங்கிலாந்துல பணக்காரப் பொண்ணு தேடி அலைஞ்சு கிடைக்காம திரும்பி இவங்ககிட்டயேதான் வந்தாரு. 1854ல செத்தவங்கள 1884லதான் அந்த பிரமிடுக்குக் கொண்டு வந்தாங்க. கை விறைச்சுப் போச்சு, கரைய விட்டு நகர முடியல.

அக்கரை:
லூசிக்கு வருத்தப்படுறீங்க சரி, மக்பூபாவ ஏன் விட்டுட்டீங்க? 1837ல அடிமைச் சந்தைல ப்யூக்லர் வாங்குன ஆப்பிரிக்கச் சின்னப் பொண்ணு, 1840 அக்டோபர்ல முஸ்காவ்ல செத்துச்சு, அப்ப அவரு பக்கத்துல இல்ல. அந்தக் கல்லறை முன்னாடி நின்னேன், யாரோ சின்ன பொம்மை ஒண்ணு வச்சுட்டுப் போயிருந்தாங்க. அதுக்கப்புறம் அந்தப் புல்வெளி அழகு எனக்கு ஏறவே இல்ல.

நடைராசா:
அக்கரை சொல்றது ஞாயந்தான், ஆனா பார்க் மேல கோவப்படாதீங்க. 1815லேருந்து முப்பது வருஷம் மரம் நட்டு ஆளே கடன்ல மூழ்கி 1845ல முஸ்காவ வித்துட்டாரு, அப்புறந்தான் பிரானிட்ஸ். நான் ஒரு தடவதான் போனேன், மழை, பாதியில திரும்பிட்டேன். போறவங்க பாஸ்போர்ட் கையில வச்சுக்கோங்க, முஸ்காவ் பார்க் நடுவுல ஓடுற நைசே ஆறுதான் 1945லேருந்து எல்லை, பார்க்கோட பெரும்பகுதி போலந்துக்குப் போயிடுச்சு, இரட்டைப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போய் மேட்டுல ஏறுனாத்தான் கோட்டைய அவரு நெனச்ச மாதிரி பாக்க முடியும், எந்த மரம் எங்க மறைக்கணும் எங்க விலகணும்னு கணக்கு போட்டிருக்காரு. 1945ல எரிஞ்சு எத்தனையோ வருஷம் வெறும் சுவரா நின்ன கோட்டை அது. 2004ல ரெண்டு நாடும் சேர்ந்துதான் யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்துனாங்க. நல்ல ஷூ போடுங்க, சைக்கிள் எடுத்தா இன்னும் நல்லது, ஒரே நாள்ல ரெண்டு ஊரும் வேணாம்.

கோட்பஸ்_மாணவி:
அக்கரை, அந்தக் கல்லறை ஊருக்குள்ள சர்ச் பக்கத்துலயா? சனிக்கிழமை போறேன்.