ஒன்ஸ் ஓவர்னா தமிழ்ல என்ன? அவசரம்

வெண்பலகை: தலைப்புல இருக்கிறதுதான் கேள்வி. "ஒருமுறை முடிந்ததும்"னு போட்டேன், ஒட்டவே இல்ல. ராத்திரிக்குள்ள குடுக்கணும்.

நாணல்: முழு வாக்கியத்தைப் போடுங்க. முன்னாடி 'த' (the) இருக்கா? நடுவுல சிறுகோடு இருக்கா? இருந்தா அது பெயர்ச்சொல், 'முடிந்ததும்' வராது.

வெண்பலகை: ரெண்டும் இருக்கு. கூடவே கிவ் வருது.

மாடவீதி: அப்ப சுலபம். ஒருதரம் மேலோட்டமா பார்த்துடுங்கன்னு அர்த்தம். அறிக்கையைக் கையில குடுத்து "கிவ் இட் த ஒன்ஸ்-ஓவர்"னு சொன்னா வரிவரியா திருத்தச் சொல்லல. பேர், தேதி, கூட்டுத்தொகை, பக்க எண், இணைப்பு எல்லாம் சரியா இருக்கா, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. நடையை மாத்த உட்கார்ந்தீங்கன்னா கேட்டவரே கடுப்பாவார். "ப்ளீஸ் ஒன்ஸ்-ஓவர் த ஃபைல்"னு வினைச்சொல்லா எழுதிடாதீங்க, கிவ் கட்டாயம் வேணும். பேச்சு வழக்குச் சொல்ங்கிறதால தணிக்கை அறிக்கை, ஒப்பந்தம் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஆறுபந்து: கிரிக்கெட்லேருந்து வந்தது ப்ரோ. புது பவுலருக்கு ஒரு ஓவர் குடுத்துப் பார்ப்பாங்கல்ல, அதான்.

இலக்கணக்குறடு: அகராதியைப் புரட்டியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. கிரிக்கெட்டுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சில் பரவிய சொல் இது. இந்தியத் தொடர்புதான் வேண்டுமென்றால் 'டெக்கோ'வைப் பாருங்கள். 'தேக்கோ' ('பார்') என்ற இந்துஸ்தானி ஏவலை இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு 'ஹேவ் அ டெக்கோ' ஆக்கினார்கள். தமிழில் 'நோட்டம்' என்ற ஒரே சொல் போதும்.

நாணல்: எப்படிங்க போதும்? நாணயத்தைச் சோதிக்கிறவருக்கு நோட்டக்காரர்னு பேர். நல்ல காசா கள்ளக் காசான்னு பிரிக்கிறது அவசரப் பார்வையா? அதுக்கு இங்கிலீஷ்ல கோயிங்-ஓவர்னு வேற சொல் இருக்கு. அக்குவேறு ஆணிவேறா பார்க்கிறது. அடி உதைக்கும் அதே சொல்தான்.

இலக்கணக்குறடு: பழம்பொருளைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? குறளின் 58ஆம் அதிகாரத்தில் கண்ணோட்டம் என்றால் இரக்கம். இன்றைய செய்தித்தாளில் அந்தப் பொருளிலா வருகிறது?

நாணல்: சரி, இன்னைய வழக்குக்கே வாங்க. திருட வர்றவன்தான் வீட்டை நோட்டம் விடுவான். "உங்க அறிக்கையை நோட்டம் விட்டேன்"னு மேலதிகாரிக்கு எழுதுவீங்களா?

மாடவீதி: நோட்டத்துக்குத் தனி இழை போட்டுக்குங்க ரெண்டு பேரும். வெண்பலகை, கிவ்வுக்கு அப்புறம் என்ன வருது? இட்டா, ஹிம்மா? பொருளா, ஆளா?

வெண்பலகை: மீ. சப்டைட்டில். "த டோர்மேன் கேவ் மீ த ஒன்ஸ்-ஓவர்." கிளப் வாசல்ல நடந்ததை ஃப்ரெண்டுகிட்ட சொல்றான்.

மாடவீதி: இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே! நான் சொன்ன பத்து நிமிஷக் கணக்கை மறந்துடுங்க. ஆள் மேல வந்தா தலையிலேருந்து கால் வரைக்கும் கண்ணால அளக்கிறது. உள்ள விடலாமா வேண்டாமான்னு எடைபோடுற பார்வை. "வாசல்ல நின்னவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்." லேசா இளக்காரம் தொனிக்கும், அதுவும் தமிழ்ல தானா வந்துடுது. "சோதனை போட்டான்"னு மட்டும் எழுதிடாதீங்க. அது சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறது, இங்க கை படவே இல்ல. வேற காட்சியில பெண்ணைப் பார்த்து வந்தா சபலமும் சேர்ந்துக்கும், அங்க "கண்ணால மேஞ்சான்" பொருந்தும்.

ஆறுபந்து: அப்ப அந்த ஓவர் என்ன ஓவர்?

நாணல்: மேலே கண்ணை ஓட்டுறது. லுக் ஓவர்ல இருக்கிற அதே ஓவர். அதையே திருப்பிப் போட்டு ஓவர்லுக்னு எழுதினா கவனிக்காம விட்டதுன்னு ஆயிடும், ஜாக்கிரதை.

வெண்பலகை: ஏற இறங்க போட்டாச்சு. நன்றி.

இலக்கணக்குறடு: நோட்டமே சரி.