நெமோ கொடுத்த முத்துப் பை எங்கே போனது?

மெய்ப்புக்காரி (மதுரை) கேட்டது:

முப்பது ஆண்டுகளாக அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள் நான். கதைப் புத்தகம் படிக்கும்போதும் ஓர் ஆண்டைக் கண்டால் கை பென்சிலைத் தேடும். இந்தக் கெட்ட பழக்கத்தால்தான் இப்போது கேப்டன் நெமோவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

தங்கை மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். விடுமுறையில் அவனுக்கு ஜூல் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்', அதன் பிறகு 'மர்மத் தீவு' என்று இரண்டையும் கதையாகச் சொல்லி முடித்தேன். முடித்த கையோடு, "பெரியம்மா, நெமோ சாகும்போது அவருக்கு வயது என்ன?" என்று கேட்டான். சொல்லிவிடலாம் என்று காகிதத்தை எடுத்தேன். அரை மணி நேரம் ஆகியும் கணக்கு முடியவில்லை.

'மர்மத் தீவு' சொல்வது இது. நெமோவின் உண்மைப் பெயர் இளவரசர் டக்கார். மத்திய இந்தியாவின் புந்தேல்கண்டில் ஒரு ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் மருமகன், அதாவது சகோதரி மகன். பத்து வயதில் ஐரோப்பாவுக்குப் படிக்கப் போய், முப்பது வயதில், 1849இல் ஊர் திரும்புகிறார். அப்படியானால் பிறந்தது 1819. 1857 கிளர்ச்சியில் சண்டையிடுகிறார், குடும்பம் மொத்தத்தையும் இழக்கிறார், பிறகு கடலுக்குள் போய்விடுகிறார். தோழர்கள் ஒவ்வொருவராக இறந்து தனியாளானபோது அவருக்கு அறுபது வயது என்று வெர்ன் எழுதுகிறார். அதன்படி 1879 ஆகியிருக்க வேண்டும். ஆனால் லிங்கன் தீவுக் குகையில் அவர் கண்ணை மூடுவது 1868 அக்டோபரில்! அதே 1868 ஜூனில்தான் முதல் கதையைச் சொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸ், நெமோவின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸிலிருந்து தப்பினார். அப்போது கப்பல் நிறைய ஆட்கள் இருந்தார்கள், நெமோவும் திடமாக இருந்தார். நான்கே மாதத்தில் அத்தனை பேரும் இறந்து, தலைவருக்குத் தாடி நரைத்துவிட்டதா? என் மேசைக்கு வந்திருந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு மைதான்.

சரி, அந்தக் குழப்பம் உலகறிந்தது. நான் கேட்க வந்தது வேறு.

முதலாவது, அந்த 'திப்புவின் மருமகன்'. வெர்ன் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டார் என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். திப்புவின் தந்தை ஹைதர் அலி இறந்தது 1782 டிசம்பரில். அவருடைய கடைசி மகள் என்று ஒருத்தியை வைத்துக்கொண்டால், அவள் பிறப்பு 1783ஐத் தாண்ட முடியாது. 1819இல் அவளுக்கு முப்பத்தாறு வயது. பிள்ளை பெறலாம். மயிரிழையில் கணக்குத் தப்பிக்கிறது. ஆனால் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் அல்லவா வைத்தார்கள்? 1806 ஜூலையில் வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததும் இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நெமோவின் தாய் இளமையில் வேலூர்க் கோட்டைக்குள் இருந்து, சிப்பாய் எழுச்சியைக் காதால் கேட்டு, அதை மகனுக்குச் சொல்லி வளர்த்தவள் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே. அவள் எப்படிப் புந்தேல்கண்ட் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. 1868 ஜனவரி இறுதியில் நாட்டிலஸ் இலங்கைக்கு வருகிறது. மன்னார் வளைகுடா முத்துப் பாரில், அதாவது முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டில், நெமோ, அரோனாக்ஸ், அவருடைய பணியாள் கொன்செய், ஈட்டிக்காரன் நெட் லாண்ட் நால்வரும் கவச உடையில் கடலடியில் நடக்கிறார்கள். ஓர் ஏழை முத்துக்குளிப்பவன் தனியாக மூழ்கி மூழ்கிச் சிப்பி எடுத்துக்கொண்டிருக்கிறான். சுறா பாய்கிறது. நெமோ கத்தியோடு குறுக்கே விழுகிறார், நெட் லாண்ட் ஈட்டியால் முடித்து வைக்கிறான். மயங்கிக் கிடந்தவனை மேலே தூக்கிவந்து மூச்சு வரவைத்ததும், நெமோ தன் உடையிலிருந்து ஒரு முத்துப் பையை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுத் திரும்புகிறார்.

முத்துப் பாருக்குப் போகிறவர் எதற்காகப் பை நிறைய முத்தைக் கட்டிக்கொண்டு போனார்? திருநெல்வேலிக்குப் போகிறவர் அல்வா வாங்கிக்கொண்டு போவாரா? கொடுப்பதற்கென்றே கொண்டுபோயிருக்கிறார். அந்த ஆளையோ அவனைப் போன்ற ஒருவனையோ அவர் எதிர்பார்த்திருக்கிறார். கப்பலுக்குத் திரும்பியதும், அவன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், தானும் கடைசி மூச்சு வரை அந்த நாட்டவனே என்ற பொருளில் அரோனாக்ஸிடம் சொல்கிறார். இது 1869இல் தொடராக வந்த கதை. 'மர்மத் தீவு' 1874இல்தான் தொடங்குகிறது. ஆகவே நெமோ இந்தியர் என்பது பிறகு ஒட்டிய ஒட்டு அல்ல, விதை மன்னாரிலேயே விழுந்துவிட்டது என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

தங்கை மகனுக்கு நெமோ சாகவில்லையாம். அடுத்த பாகத்தில் நாட்டிலஸ் எழுந்து வருமாம். எனக்குச் செத்தவர்களை எழுப்புவது பிடிக்காது. அடுத்த கதை அந்த முத்துப் பையோடு போயிருக்கும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். எங்கே போனது என்று இப்போது தினமும் கேட்கிறான்.

வார்சாவாசி:

அக்கா, வேலை நிமித்தமாகப் போலந்தில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே நெமோவை இந்தியர் என்று சொல்லிப் பாருங்கள், தேநீர்கூடத் தரமாட்டார்கள்.

வெர்ன் முதலில் நினைத்தது போலந்துப் பிரபு ஒருவரை. 1863 போலந்துக் கிளர்ச்சியை ரஷ்யா நசுக்கியபோது குடும்பத்தை இழந்தவர். பதிப்பாளர் எட்ஸெல் ஒத்துக்கொள்ளவில்லை. ரஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டாமா? அடிமை வணிகத்தின் எதிரியாக மாற்றலாம் என்று அவர் யோசனை சொன்னார், வெர்ன் மறுத்தார். கடைசியில் நாட்டையே சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய கடிதங்களில் இதெல்லாம் இருக்கிறது. நெமோவின் அறையில் மாட்டியிருக்கும் படங்களை நினைத்துப் பாருங்கள். போலந்தின் கொசியுஸ்கோ, கிரேக்கரான பொட்ஸாரிஸ், அயர்லாந்தின் ஓகானல், வாஷிங்டன், வெனிஸின் மானின், லிங்கன், தூக்கில் தொங்கும் ஜான் பிரவுன். இந்தியர் ஒருவராவது இருக்கிறாரா? திப்புவின் மருமகன் அறையில் திப்பு படம் வேண்டாமா?

மன்னாரில் சொன்னதை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ஒடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் என் நாட்டவர்கள் என்கிறார், அவ்வளவுதான். அடுத்த மாதமே கிரீட் தீவுக்கு அருகில் ஒரு கிரேக்கன் வழியாகப் பெட்டி நிறையத் தங்கம் அனுப்புகிறார். அதனால் அவர் கிரேக்கர் ஆகிவிடுவாரா?

டக்கார் என்ற பெயரும் இடிக்கிறது. 'தாக்கூர்' என்பதைக் காதில் விழுந்தபடி எழுதிவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெட்டிக்கடை:

அல்வா உவமைக்காகவே உங்கள் கட்சியில் சேர்கிறேன்.

பை கிடக்கட்டும், அந்தப் பெரிய முத்து என்ன ஆயிற்று? அதே நடையில்தானே ராட்சதச் சிப்பி ஒன்றைத் திறந்து, தேங்காய் அளவு முத்தைக் காட்டுகிறார்? இன்னும் வளரட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். நெமோ போய்விட்டார், நாட்டிலஸ் போய்விட்டது, முத்து மட்டும் மன்னார் கடலடியில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் பாகம் அங்கே இருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பையைத் தேடுகிறீர்களே.

பழையகாயல்:

அம்மா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு முன்பு வரை முத்துக்குளித்தவர்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து தேய்கிறவன். ஆனால் கேட்டு வளர்ந்தது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பெட்டிக்கடை தம்பிக்கு. ராட்சதச் சிப்பியில் விளைகிற முத்துக்கு நம் முத்துப்போல் ஒளி கிடையாது, பீங்கான்போல் மங்கலாக இருக்கும். 1934இல் பிலிப்பைன்ஸின் பலாவான் பக்கத்தில் ஒன்று கிடைத்தது, ஆறு கிலோவுக்கு மேல். பார்க்க மூளையைப் போல் இருக்கும். நெமோவின் முத்தை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் கல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்போது மன்னார் காட்சி. வெர்ன் எழுதியதில் சில சரி. காலுக்கடியில் கல்லை வைத்து இறங்குவது, கல்லைக் கயிற்றால் திரும்ப இழுப்பது, மூழ்கி அரை நிமிடம் போல் இருப்பது, எல்லாம் நடந்ததுதான். ஆனால் முத்துக்குளிப்பில் தனியாள் என்பதே கிடையாது. ஒருவர் இறங்கினால் மேலே அவருடைய கயிற்றைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அந்தக் கயிறு பிடிக்கிறவருடைய கையில்தான் உயிர். பெரும்பாலும் மைத்துனரைப் பிடிக்க வைப்பார்கள், தங்கை தாலி அவர் கையில் இருக்கிறதே என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள். சுறாவுக்குக் கடல்கட்டி என்று தனியாக ஓர் ஆள் உண்டு, மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. அவர் வராவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள்.

அப்படியிருக்க ஜனவரியில், கயிறு பிடிக்க ஆளில்லாமல், கடல்கட்டி இல்லாமல், ஒருவன் ஏன் இறங்குகிறான்? முத்துக்குளிப்புக் காலம் மார்ச் வாக்கில்தான் தொடங்கும், அதுவும் அரசாங்கம் அறிவித்தால். சிப்பி முதிரவில்லை என்றால் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூடப் பாரைத் திறக்கமாட்டார்கள். பார் அரசாங்கச் சொத்து. குளித்தெடுத்ததில் பெரும்பங்கு அரசாங்கத்துக்கு, மிச்சம்தான் குளித்தவனுக்கு. காலத்துக்கு முன்பே வந்து இறங்கியவன் சட்டப்படி திருடன் அம்மா. பிரிட்டிஷ் அரசியின் சிப்பியைத் திருடுகிறவன். நெமோ யாருக்கு முத்து கொடுத்தார் என்று பாருங்கள்.

அதனால் அந்தப் பை அவனுக்கு வரமல்ல, வம்பு. கோவணம் கட்டியவன் கையில் பை நிறைய முத்து. மன்னாரில் விற்றால் பிடிப்பார்கள், தூத்துக்குடியில் விற்றாலும் பிடிப்பார்கள். எங்கே கிடைத்தது என்றால் என்ன சொல்வான்? செம்புத் தலையோடு நான்கு பேர் கடலுக்குள்ளிருந்து வந்து கொடுத்தார்கள் என்றா?

மெய்ப்புக்காரி:

பழையகாயல் ஐயா, உங்கள் பதிவை அச்செடுத்துத் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டேன். "திருடன்" என்ற சொல்லுக்கு அடியில் மூன்று முறை கோடு போட்டிருக்கிறான். இத்தனை ஆண்டுகளாக அந்தக் காட்சியைக் கருணைக் காட்சி என்றே படித்துவந்தேன். அந்த ஆள் ஏன் தனியாக இருக்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கயிறு பிடிக்க ஆளில்லை என்பது எழுத்துப் பிழையைப் போலக் கண் முன்னேயே இருந்திருக்கிறது.

வார்சாவாசி தம்பி, படங்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கொசியுஸ்கோ முதலில் நிற்பது எனக்கும் உறுத்துகிறது. வெர்னின் மனத்தில் முதலில் இருந்தவர் உங்கள் ஊர்க்காரர் என்பதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த நாட்டின் பெயரைக் கதையிலிருந்து அழித்த பிறகு ஒரு வெற்றிடம் இருந்ததே, அந்த இடத்தில் எழுத்தாளரின் கை எங்கே போய் நின்றது? மன்னாரில். கிரீட்டில் தங்கத்தை ஆள் வழியாக அனுப்புகிறார். மன்னாரில் தானே இறங்கி, சுறாவின் வாய்க்குக் குறுக்கே உடம்பைக் கொடுக்கிறார். 'அந்த நாட்டவன்' என்று வாய்விட்டுச் சொன்னதும் மன்னாரில் மட்டும்தான். எனவே நான் பாதிதான் பின்வாங்குகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாகும்போது நெமோ 'கடவுளும் தாய்நாடும்' என்று சொல்வதாக அச்சில் இருக்கிறது. வெர்னின் கையெழுத்துப் பிரதியில் இருந்தது 'விடுதலை' என்ற ஒரே சொல், பதிப்பாளர்தான் மாற்ற வைத்தார் என்று வெர்னை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 1875 வாக்கில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலோ டக்கார் பிரிட்டிஷாரைத் திட்டும் இடங்களையே மழுப்பிவிட்டார்கள். நானும் பிறர் எழுத்தில் கைவைத்துப் பிழைக்கிறவள்தான். ஆனால் சாகிறவரின் வாயிலிருக்கும் சொல்லை மாற்றச் சொல்லி என்னிடம் வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன்.

பெட்டிக்கடைக்கு: அந்த முத்து பீங்கானாகவே கிடக்கட்டும்.

மறுபடியும் பைக்கு வருகிறேன். மன்னாரிலும் தூத்துக்குடியிலும் விற்க முடியாது என்றால் அவன் எங்கே போயிருப்பான்?

பழையகாயல்:

கீழக்கரை. அங்கே தலைமுறை தலைமுறையாக முத்து, சங்கு வணிகம் பார்த்த மரைக்காயர்கள் இருந்தார்கள். முத்தைக் கையில் உருட்டிப் பார்த்து எந்தப் பாரில் விளைந்தது என்று சொல்லக்கூடியவர்கள். வம்பு அங்கேதான் தொடங்கும். நெமோ கொடுத்தவை எல்லாம் மன்னார் முத்துகளா? அவர் உலகக் கடல் முழுதும் பொறுக்கியவர். பாரசீக வளைகுடா முத்தும், வணிகர் அதுவரை பார்த்தேயிராத நிறத்தில் பசிபிக் முத்தும் அந்தப் பையில் கலந்து கிடந்தால், "தம்பி, நீ எந்தக் கடலில் குளித்தாய்?" என்றுதான் முதலில் கேட்பார்.

பெட்டிக்கடை:

கட்சி மாறிவிட்டேன். பைதான் கதை.

வார்சாவாசி:

இதற்குப் போலந்தில் பதில் இல்லை. அந்த வணிகர் யாருக்கும் சொல்லாமல் முத்துகளை வாங்கியிருப்பார், பிறகு கப்பல்காரர்கள் வாயிலாக நாட்டிலஸ் செய்தி காதில் விழுந்திருக்கும், அவர் ஒருவருக்கு மட்டும் உண்மை புரிந்திருக்கும். தங்கை மகனிடம் சொல்லுங்கள் அக்கா, நாட்டிலஸைத் தேடிப் புறப்படுகிறவர் அவர்தான்.

மெய்ப்புக்காரி:

சொன்னேன். உடனே வரைபடத்தைத் தரையில் விரித்துவிட்டான். ஜனவரி இறுதியில் இலங்கைப் பக்கமிருந்து சின்ன வள்ளத்தில் கீழக்கரை போகக் காற்று ஒத்துழைக்குமா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறான், ஐயா. பதில் வரும்வரை வரைபடத்தை மடிக்கவிடமாட்டானாம். நான் கூடத்தில் சுவரோரமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

பழையகாயல்:

தைமாதம் வாடைக்காற்று. மேற்கே போகிறவனுக்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும், பாய் பிடிக்கும், போகலாம். ஆனால் அலை உயரம், வள்ளத்துக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கையால் சுக்கானைப் பிடித்து மறுகையால் தண்ணீர் இறைக்க வேண்டும். முத்துப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான் என்று வரையச் சொல்லுங்கள்.